போனில் காமிக்ஸ் படிக்கலாமா?

கேள்வி: கடைகளில் காமிக்ஸ் கிடைப்பது அரிதாகிவிட்டது. டிஜிட்டலில் வாங்கிப் படித்தால் என்ன?
- வாசகர், கொக்குவில்

பதில்: தாராளமாகப் படியுங்கள் தம்பி. சிவகாசியின் முத்து காமிக்ஸ் 1972இல் இறக்கிவிட்ட இரும்புக்கை மாயாவியை, பத்துக் கை மாறி அட்டை கிழிந்த பிறகே படித்தவன் நான். உங்களுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை.

சின்னப் போனில் பக்கம் முழுதாகத் தெரியாது. கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் வசதி சில செயலிகளில் உண்டு. ஆனால் இரண்டு பக்கத்துக்கும் விரிந்த சண்டைக் காட்சியை அப்படித் துண்டு துண்டாகப் பார்த்தால் சப்பென்றிருக்கும். அதற்கு டெப் நல்லது.

ஒன்று கவனம். பல இடங்களில் காசு கொடுத்தாலும் கிடைப்பது படிக்கும் அனுமதி மட்டுமே. அமேசான் 2014இல் வாங்கிய காமிக்ஸாலஜி என்ற டிஜிட்டல் காமிக்ஸ் கடையை 2022இல் தன் மின்னூல் தளமான கிண்டிலோடு சேர்த்தபோது, பழைய வாசகர்கள் நன்றாகவே புலம்பினார்கள். இரவலும் கொடுக்க முடியாது (கொடுத்தது எப்போது திரும்பி வந்தது?). கோப்பை இறக்கி வைத்துக்கொள்ள விடுகிறார்களா என்று பார்த்து வாங்குங்கள்.