பழைய பெட்ரோல் லாரி மேடு ஏறும்போது திணறி நின்றுவிடுகிறது, பத்து நிமிடம் கழித்துக் கிளம்பி மறுபடி சில கிலோமீட்டர் ஓடுகிறது. கார்புரேட்டரை இரண்டு முறை பிரித்துக் கழுவியும் தீரவில்லை. எங்கே பார்ப்பது?

உங்கள் கேள்வியிலேயே நல்ல துப்பு ஒன்று இருக்கிறது. பத்து நிமிடம் நின்றால் வண்டி கிளம்பி மறுபடி சில கிலோமீட்டர் ஓடுகிறது என்கிறீர்கள். ஜெட், அதாவது கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளை, அடைத்திருந்தால் ஓய்வு கொடுத்ததும் திறந்துகொள்ளாது. கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையான ஃப்ளோட்டின் மட்டம் தவறியிருந்தால் அதுவும் ஆறப்போட்டுச் சரியாகிற விஷயம் இல்லை. அதனால் கார்புரேட்டரை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். சும்மா நிறுத்தி வைத்தாலே சரியாகிற கோளாறு பெரும்பாலும் டேங்கிலிருந்து பெட்ரோல் வரும் வழியில் இருக்கும், இல்லாவிட்டால் ஸ்பார்க் கொடுக்கும் இக்னிஷனில் இருக்கும்.

முதலில் இந்த இரண்டில் எது என்று பிரிக்க வேண்டும். அதற்கு ஒரு டார்ச் போதும். அடுத்த தடவை வண்டி நின்றதும் காத்திருக்காமல் ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, சாவியை அணைத்துவிட்டு ஏர் கிளீனரைக் கழற்றுங்கள். காற்றை மறைக்கும் சோக் தகடு முழுக்கத் திறந்திருக்கட்டும். கார்புரேட்டரின் வாய்க்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துக்கொண்டே ஆக்சிலரேட்டர் லீவரைக் கையால் வேகமாக ஒரு தரம் இழுங்கள். சிரிஞ்சிலிருந்து மருந்து பீய்ச்சுகிற மாதிரி, உள்ளே மெல்லிய கோடாகப் பெட்ரோல் அடிக்க வேண்டும். அடித்தால் கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது என்று அர்த்தம். ஸ்பார்க் பக்கம் போங்கள். வெறும் காற்றுச் சத்தம் மட்டும் வந்தாலோ, இரண்டு சொட்டு விழுந்து நின்றாலோ, கிண்ணம் காலி.

வண்டி நன்றாக ஓடுகிற நாளிலேயே இதை ஒரு தடவை செய்து, எவ்வளவு பலமாகப் பீய்ச்சுகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப் பீய்ச்சுகிற, கார்புரேட்டருக்குள் இருக்கும் ஆக்சிலரேட்டர் பம்பின் தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருந்தால் கிண்ணம் நிறைய இருந்தும் பீய்ச்சாது, நீங்கள் தப்பான முடிவுக்கு வந்துவிடுவீர்கள். இன்னொன்று, யாராவது ஸ்டார்ட்டரை அடிக்கும்போது முகத்தை அங்கே வைக்கவே கூடாது. பேக்ஃபயர் ஆனால் தீ மேலே வரும். பெட்ரோல் லைனைத் தொடும் எந்த வேலைக்கும் தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இக்னிஷன்தான் என்றால் முதலில் கண்டன்சரையும் காயிலையும் சந்தேகப்படுங்கள். இரண்டுமே சூடேறியதும் செத்து, ஆறியதும் பிழைத்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவை. வண்டி நின்ற நிமிடத்திலேயே ஒரு பிளக் ஒயரைக் கழற்றி, கார்புரேட்டரிலிருந்து தள்ளி வைத்து ஸ்பார்க் பாருங்கள். நீலமாக, பளிச்சென்று விழ வேண்டும். வீட்டுக்கு வந்து ஆறிய பிறகு பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும்.

ஆனால் மேட்டில் திணறுகிறது என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பெட்ரோல் வரத்து குறைகிறது என்றே நினைக்கிறேன். சமதளத்தில் அரைகுறையாக வருவதை வைத்து எஞ்சின் சமாளித்துவிடும். மேட்டில் குடிக்கிற அளவு கூடும்போது கிண்ணம் நிரம்புவதைவிட வேகமாகக் காலியாகிறது. உங்கள் வண்டியில் கையால் இழுக்கும் சோக் இருந்தால் திணற ஆரம்பித்ததுமே அதைக் கால்வாசி இழுத்துப் பாருங்கள். ஒரு நிமிடமாவது தெளிந்து ஓடினால் பெட்ரோல் பற்றவில்லை. இன்னும் மோசமாகி, கறுப்புப் புகை வந்தால் பெட்ரோல் அதிகம். அது வேறு கதை.

வரத்துக் குறைவுக்கு டேங்க் மூடியிலிருந்து தொடங்குங்கள். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். மூடியில் உள்ள காற்றுத்துளை அடைத்திருந்தாலோ, துளையில்லாத புது மூடியை யாராவது மாற்றிப் போட்டிருந்தாலோ, டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி பம்பால் இழுக்க முடியாமல் போகும். வண்டி நின்றதும் மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று காற்று உள்ளே போகும். கொஞ்ச தூரம் மூடியைத் தளர்த்தி வைத்து ஓட்டிப் பார்த்தாலும் தெரிந்துவிடும்.

அடுத்தது டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாய். பல வருடம் நின்ற வண்டியில் துரு, பழைய பெட்ரோல் கெட்டியாகிப் படிந்த பிசின், உரிந்த பூச்சு எல்லாம் அடியில் கிடக்கும். ஓடும்போது அந்தக் குப்பை மெல்ல மெல்ல குழாயின் வாயில் வந்து ஒட்டிக்கொள்கிறது. எஞ்சின் நின்றதும் இழுப்பு நின்று, குப்பை உதிர்ந்து அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. மறுபடி கிளம்புகிறது, மறுபடி ஒட்டுகிறது. நீங்கள் சொல்லும் பத்து நிமிடக் கணக்குக்கு இதைவிடப் பொருத்தமாக எதையும் நான் பார்த்ததில்லை. பம்பின் உள்வரும் லைனைக் கழற்றி, டேங்க் மூடியைத் திறந்து வைத்து, கைப் பம்பால் மெதுவாகப் பின்னோக்கிக் காற்றடியுங்கள். டேங்குக்குள் குமிழி விடும் சத்தம் தாராளமாகக் கேட்க வேண்டும். காற்றடித்த பிறகு வண்டி ஒரு வாரம் ஒழுங்காக ஓடினால் சந்தோஷப்பட்டு விட்டுவிடாதீர்கள். டேங்கை இறக்கிக் கழுவியே ஆக வேண்டும்.

அப்புறம் ரப்பர் ஹோஸ். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். டேங்கிலிருந்து பம்ப் வரை லைன் முழுக்க உறிஞ்சும் பக்கம். அங்கே ஒரு மயிரிழை விரிசல் இருந்தால் பெட்ரோல் வெளியே ஒழுகாமல் காற்று உள்ளே போகும். கீழே படுத்துப் பார்த்தால் ஈரமே இருக்காது. உங்கள் பம்பின் மேலேயோ அதற்கு முன்போ கண்ணாடிக் கிண்ணம் இருந்தால் எஞ்சின் ஓடும்போது அதையே கவனியுங்கள். பெட்ரோல் அசையாமல் நிறைந்து நின்றால் நல்லது. சின்னச் சின்னக் குமிழிகள் விடாமல் வந்துகொண்டிருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது. அந்தக் கண்ணாடியின் கேஸ்கெட்டே காய்ந்து காற்று விடுவதும் உண்டு, அதை முதலில் மாற்றுங்கள். ஹோஸ் மாற்றும்போது எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் ரகமாக வாங்குங்கள். இந்த வண்டிகளில் முதலில் போட்ட ரப்பரையும் பம்ப் டயாஃப்ரத்தையும் எத்தனால் ஊறவைத்து இளக்கிவிடும்.

பம்பைச் சோதிக்க, எஞ்சின் ஆறியிருக்கும்போது கார்புரேட்டருக்குப் போகும் லைனைக் கழற்றி ஒரு பாத்திரத்தில் விட்டு, கிண்ணத்தில் மிச்சமிருக்கும் பெட்ரோலிலேயே ஐட்லிங்கில் ஓட விடுங்கள். விட்டு விட்டு, ஆனால் பலமாக அடிக்க வேண்டும். முக்கால் நிமிடத்துக்குள் சுமார் அரை லிட்டர் வந்தால் பம்ப் நன்றாக இருக்கிறது. பிரஷர் பொதுவாக 4 முதல் 6 பிஎஸ்ஐ. சில பழைய ஆறு சிலிண்டர் எஞ்சின்களுக்கு இன்னும் குறைவு. ஆயில் டிப்ஸ்டிக்கையும் இழுத்து முகர்ந்து பாருங்கள். ஆயில் மட்டம் ஏறி, பெட்ரோல் வாடை அடித்தால் டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் எஞ்சினுக்குள் இறங்குகிறது. அப்படி இருந்தால் பம்பையும் ஆயிலையும் மாற்றும்வரை வண்டியை எடுக்கவே கூடாது.

பம்ப் பலவீனம் என்று தெரிந்ததும் எலக்ட்ரிக் பம்ப் போட்டுவிடலாம் என்று தோன்றும். எனக்கு அதில் அவ்வளவு உடன்பாடு இல்லை. அடைத்த டேங்கையும் விரிசல் விட்ட ஹோஸையும் அது கொஞ்ச நாள் மறைத்து வைக்கும், அவ்வளவுதான். பிரஷர் கூடினால் கிண்ணம் நிறைந்ததும் வழியை அடைக்கும் ஃப்ளோட் நீடிலைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் வழிந்து, புதிதாக ஒரு கோளாறும் சேரும். போட்டே ஆக வேண்டுமென்றால் ரெகுலேட்டரோடு, ஆயில் பிரஷர் விழுந்தால் பம்ப் தானாக நிற்கும்படி ஸ்விட்சும் வைத்துப் போடுங்கள்.

இதையெல்லாம் பார்ப்பதற்கு முன் பலரும் வேப்பர் லாக், அதாவது லைனில் பெட்ரோல் சூட்டில் ஆவியாகி வரத்தைத் தடுப்பது, என்று சொல்லிவிடுவார்கள். அது உண்மையிலேயே வரும், லைன் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை ஒட்டிப் போகிற வண்டிகளில் குறிப்பாக. ஆனால் காற்று இழுக்கும் ஹோஸும் அடைத்த குழாயும் அதே மாதிரிதான் நடந்துகொள்ளும். அவற்றைச் சரிசெய்த பிறகும் வெயில் நேரத்தில் மட்டும் நின்றால், லைனைத் தள்ளிப் போட்டு வெப்பத் தடுப்பு சுற்றுங்கள்.

வரத்து சரியானதும்தான் கார்புரேட்டரை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும், அதுவும் எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு. பித்தளை ஃப்ளோட்டைக் காதருகே குலுக்கிப் பாருங்கள். உள்ளே சலசலத்தால் ஓட்டை. வெந்நீரில் அமுக்கினால் குமிழி வரும் இடம் தெரியும். 1950களின் செவ்ரோலெட் லாரிகளில் வரும் ரோச்செஸ்டர் பி வகையாக இருந்தால் மேல்மூடி வளைந்திருக்கிறதா என்று நேர்சட்டம் வைத்துப் பாருங்கள், அந்த வகைக்கு அது வழக்கமான நோய். ஜெட்டுக்குள் கம்பி விட்டுக் குடையாதீர்கள், துளை பெரிதாகிவிடும். ஐட்லிங்கில் பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸ்ச்சர் ஸ்க்ரூவை மெதுவாக உட்காரும்வரை திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்துத் தொடங்குங்கள். எஞ்சினின் உறிஞ்சலை அளக்கும் வேக்யூம் கேஜ் மாட்டி, முள் எங்கே அதிகமாக நிற்கிறதோ அங்கே விடுங்கள். நல்ல எஞ்சினில் ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) காட்டும். ஸ்க்ரூவை எப்படித் திருப்பினாலும் முள் ஏறாமல் குறைவாகவே நின்றால், அடி கேஸ்கெட்டிலோ தேய்ந்துபோன த்ராட்டில் ஷாஃப்ட் வழியாகவோ காற்று போகிறது. ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். நன்றாக ஆடினால் புஷ் அடிக்கத்தான் வேண்டும், ரிப்பேர் கிட்டில் அது வராது.