மரம் உக்கிய பின்னும் கோட்டை தெரியுமா?

கேள்வி: பிரித்தானியாவில் சில மண்மேடுகளை ‘மத்தியகால மரக்கோட்டையாக இருக்கலாம்’ என்கிறார்கள். மரமே இல்லாதபோது கோட்டை என்று எப்படிச் சொல்வது? ஏன் அந்த ‘இருக்கலாம்’?
– உயர்தர மாணவி, ஹட்டன்

பதில்: 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த நோர்மன்களுக்குக் கல்லில் கட்ட நேரம் இருக்கவில்லை. வட்டமாக அகழி வெட்டி, அந்த மண்ணையே நடுவில் குவித்தார்கள். மேட்டின் உச்சியில் மரக் கோபுரம், விளிம்பில் மரவேலி. மேட்டின் அடியில் வரப்பும் அகழியும் சூழ்ந்த முற்றம். ஆட்களும் குதிரைகளும் சமையலும் அங்கேதான்.

மரம் உக்கினாலும் அதை நட்ட குழியின் தடம் போவதில்லை. தூண் நின்ற இடத்தில் மண் கருமையாக, இளக்கமாக இருக்கும். சுற்றிலும் இறுக்கி அடித்த கல்லும் களியும் அப்படியே கிடக்கும். சரே மாவட்டத்தின் அபின்ஜர் மேட்டை 1949இல் அகழ்ந்தபோது கோபுரக் கால்களின் குழிகளும் வேலிக் குழிகளும் உச்சியில் வெளிப்பட்டன. வேல்ஸ் எல்லையிலுள்ள ஹென் டோமன் கோட்டையில் 1960 முதல் முப்பது வருடங்களுக்கு மேல் பொறுமையாகத் தோண்டினார்கள். அவசரப்பட்டால் நடக்கும் வேலையல்ல. மண் காய்ந்தால் நிற வேறுபாடு மறைந்துவிடும். தண்ணீர் தெளித்துத் தெளித்துத்தான் பார்க்க வேண்டும். தூண் நடாமல், நிலத்தில் கிடத்திய விட்டத்தின் மேல் எழுப்பிய கட்டடம் என்றால் அந்தத் தடமும் மிக மெல்லியது.

தோண்டாத மேட்டுக்குத்தான் ‘இருக்கலாம்’. பழைய சமாதி மேடு, காற்றாலை நின்ற மேடு, பிரபுக்கள் தோட்டத்தில் காட்சி பார்க்கக் கட்டிய மேடு எல்லாமே வெளியில் ஒரே தோற்றம்தான். இங்கிலாந்தின் மால்பரோ நகரில் நோர்மன் கோட்டை இருந்தது உண்மை. ஆனால் அது நின்ற மேடு கி.மு. 2400 அளவில் குவிக்கப்பட்டது என்பது, துளையிட்டு எடுத்த கரித்துண்டுகளின் காலக்கணிப்பால் 2011இல்தான் தெரியவந்தது. உருவத்தை வைத்துக் காலம் சொல்வது ஆபத்து.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் தட்டை உச்சியுள்ள மேடு, சுற்றிப் பள்ளம். கோட்டையா? வெட்டிப் பார்க்கலாமா?
– வாசகர், லிந்துலை

பதில்: வெட்டக் கூடாது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி குற்றம். புதையல் கும்பல் கலைத்த மண்ணை யாராலும் திரும்ப அடுக்க முடியாது.

முதலில் பள்ளத்தைப் பாருங்கள். தேயிலை மலையின் கான் (மழைநீர் வடிகால்), சரிவைக் குறுக்கே வெட்டி மெல்லிய வாட்டத்தில் ஓடி, அடுத்த மலைக்குப் போய்விடும். வெட்டிய மண் சரிவின் கீழ்ப்பக்கம் கிடக்கும். காவல் அகழி மேட்டைச் சுற்றி வரும். மண் பெரும்பாலும் உட்பக்கம் ஏறியிருக்கும். பழைய பங்களாவோ ஸ்டோரோ கட்டச் சமப்படுத்திய தளம் என்றால் ஒரு பக்கம் வெட்டு, மறுபக்கம் நிரப்பு. தோட்டங்களில் கண்ணில் படுவதில் அநேகம் இந்த இரண்டுதான் என்பது என் கணிப்பு.

பிறகு அளவெடுங்கள். உச்சியிலிருந்து பள்ளத்தைத் தாண்டி வெளிநிலம் வரை ஒரு நேர்கோடு. நைலோன் கயிறு இழுபடும், அளவு நாடாவே நல்லது. மேசன்மார் மட்டம் பார்க்கப் பாவிக்கும், தண்ணீர் நிரப்பிய தெளிவான குழாயால் ஒவ்வொரு 50 சென்ரிமீற்றருக்கும் உயரம் குறியுங்கள்; குழாயில் காற்றுக்குமிழி நின்றால் அளவு முழுவதும் பிழைக்கும். நீளத்துக்கும் உயரத்துக்கும் ஒரே அளவுத்திட்டத்தில் வரைபுத்தாளில் போடுங்கள். படம் எடுப்பதென்றால் வெயில் சரிந்து விழும் காலை அல்லது மாலை. உச்சி வெயிலில் மேடு பள்ளம் தெரியாது. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டித் தாழ்த்திய வருடம் என்றால் இன்னும் வசதி. இவற்றைத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அனுப்புங்கள். 1815 மார்ச் 2க்கு முந்தியது என்று கருத இடமிருந்தால் அது சட்டத்தின் கண்ணில் புராதனச் சின்னம்.

கேள்வி: கண்டி அரசிலும் மரக்கோட்டைகள் இருந்தனவா?
– ஆசிரியை, பண்டாரவளை

பதில்: நோர்மன் பாணி மேடு அவர்களுக்குத் தேவைப்படவில்லை, மலையே அந்த வேலையைச் செய்தது. கணவாய்களை முட்கதவுகளால் அடைத்தார்கள். 1660 முதல் 1679 வரை இங்கே கைதியாக இருந்த ஆங்கிலக் கடலோடி ரொபர்ட் நொக்ஸ் அவற்றை விவரிக்கிறார்: மூன்று நான்கு அங்குல முட்கள் கொண்ட கொம்புகளை நெருக்கிப் பின்னி, மூன்று நான்கு மரச்சட்டங்களில் கட்டிய கதவு, பத்துப் பன்னிரண்டு அடி உயர வாசல்நிலையில், யானை மேல் இருந்தபடியே கடக்கலாம். மேல்விட்டத்தில் தொங்கும் அதைத் தூக்கித் திறப்பார்கள், இறக்கி மூடுவார்கள். இத்தகைய கதவு மேட்டையோ அகழியையோ விட்டுச்செல்லாது. பாதை ஒடுங்கும் இடத்தில் நிலைக்கால் குழிகள் தப்பியிருந்தால்தான் உண்டு.