எம்சிபி விழுகிறதா? எம்சிபியை மாற்றாதீர்கள்

கேள்வி: கிரிப்டோ மைனிங்குக்காக (மெஷினை ஓடவிட்டு பிட்காயின் மாதிரி டிஜிட்டல் காசு சம்பாதிப்பது) ஒரு பழைய ஆன்ட்மைனர் எஸ்19 மெஷின் வாங்கினேன். வீட்டில் சிங்கிள் ஃபேஸ். கம்ப்யூட்டருக்குப் போடும் பவர் கார்டு (பிளக் வயர்) இரண்டு போட்டு, ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில், ஃபிரிட்ஜ் ஓடும் லைனிலேயே கொடுத்திருக்கிறேன். பகலில் ஓடுகிறது, சாயங்காலமானால் 16 ஆம்ப் எம்சிபி (லோடு கூடினால் தானாக அணையும் சுவிட்ச்) விழுந்துவிடுகிறது. எலக்ட்ரீஷியன் 32 ஆம்ப் போடுகிறேன் என்கிறார். போடலாமா? (வாசகர், திருப்பூர்)

போடவே கூடாது. இந்தப் பதிலைப் படித்து முடிப்பதற்குள் மெஷினை நிறுத்திவிடுங்கள்.

எம்சிபி காப்பது மெஷினை அல்ல, சுவருக்குள் ஓடும் வயரை. உங்கள் மெஷின் சுமார் 3,250 வாட் இழுக்கும். 230 வோல்ட் இருந்தால் அது 14 ஆம்ப். சாயங்காலம் ஊரே ஏசி போட்டு வோல்டேஜ் 200-க்கு இறங்கும்போது, அதே வேலையைச் செய்ய மெஷின் 16 ஆம்புக்கு மேல் இழுக்கும். கூடவே ஃபிரிட்ஜ். எம்சிபி விழாமல் என்ன செய்யும்? அது தன் கடமையைச் செய்கிறது. 32 போட்டால் இனி விழாது, வயர்தான் வேகும்.

அப்படி மாற்றிய ஒரு வீட்டில் பிளக் பாயின்ட்டைக் கழற்றிப் பார்த்தேன். திருகாணியைச் சுற்றிக் கருகிப்போய், வயரின் மேல்தோல் பெட்டியோடு உருகி ஒட்டியிருந்தது. எம்சிபி கடைசிவரை விழவில்லை.

அடுத்தது அந்த கம்ப்யூட்டர் பவர் கார்டு. நம் ஊரில் அது பெரும்பாலும் 6 ஆம்ப் பிளக்கோடுதான் வரும். உங்கள் மெஷினில் ஒவ்வொரு கார்டிலும் 7, 8 ஆம்ப் போகும், அதுவும் 24 மணி நேரமும். பழைய மெஷின் விற்கும் தரகர்கள் இதைச் சொல்வதே இல்லை. "சும்மா சொருகுங்க சார், ஓடும்" என்பார்கள். ஓடும்தான். எத்தனை நாள்? முத்திரை இல்லாத எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கடைத்தெருவில் குவித்து வைத்து விற்கிறார்கள், கேட்பாரில்லை. டெஸ்டர் ஒன்றைப் பையில் வைத்திருப்பவரெல்லாம் எலக்ட்ரீஷியன். தீப்பிடித்த பிறகு மட்டும் "மின்கசிவு" என்று ஒற்றை வார்த்தையில் எழுதி முடித்துவிடுகிறார்கள். எனக்கு ஆத்திரமாக வருகிறது.

செய்ய வேண்டியது இதுதான். லைசென்ஸ் உள்ளவரை வைத்து, மெயின் போர்டிலிருந்து மெஷினுக்கென்றே தனி லைன் இழுங்கள். 4 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர், 20 ஆம்ப் எம்சிபி, 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் அணைக்கும் சுவிட்ச்), இரண்டு 16 ஆம்ப் பாயின்ட். ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு பாயின்ட். கார்டும் 16 ஆம்ப் பிளக் உள்ள தடித்த கார்டாக இருக்கட்டும். எர்த்தை நியூட்ரலோடு முடிச்சுப் போடுகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். உங்கள் இணைப்புக்கு அனுமதித்த பளு இதைத் தாங்குமா என்றும் முதலில் பாருங்கள்.

"ஏசி பாயின்ட் சும்மா இருக்கிறதே?" என்று பலர் கேட்கிறார்கள். எஸ்9 மாதிரி 1,400 வாட்டுக்குள் இழுக்கும் பழைய மெஷின் என்றால் சரி. 6 ஆம்ப் சொச்சம்தான். ஆனால் அந்த லைனில் வேறெதுவும் இருக்கக் கூடாது. ஏசியும் அதுவும் சேர்ந்து ஓடக் கூடாது. பாயின்ட் 16 ஆம்பாக இருக்க வேண்டும். எஸ்19-க்கு இந்தச் சலுகை கிடையாது. ஏசி கம்ப்ரசர் நின்று நின்று ஓடும், வயர் ஆற நேரம் கிடைக்கும். மைனிங் மெஷின் மூச்சு விடாது.

பில்லையும் கணக்குப் பார்த்தீர்களா? நாளைக்கு 78 யூனிட், இரண்டு மாதத்துக்கு 4,680. ஆயிரம் யூனிட்டைத் தாண்டியதற்கு யூனிட் 11 ரூபாய்க்கு மேல். அது மட்டுமே 40,000 ரூபாயைத் தாண்டும். வீட்டு இணைப்பில் தொழில் நடத்துவதாக அதிகாரி முடிவு செய்தால், 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவில் இரு மடங்கு கட்டணம். கிரிப்டோவை விற்று வரும் வருமானத்துக்கு 30 சதவீத வரி, அதில் கரன்ட் செலவைக் கழிக்க முடியாது. மாதம் இவ்வளவு லாபம் என்று தரகர் தரும் தாளில் இவற்றில் ஒன்றாவது இருக்கிறதா பாருங்கள்.

புது லைன் போட்டு ஒரு மணி நேரம் ஓடியதும் புறங்கையால் பிளக்கைத் தொடுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியாமல் சுட்டால் நிறுத்திவிட்டு வயரிங் போட்டவரைத் திரும்பக் கூப்பிடுங்கள்.