அமெரிக்க ராணுவ வீரரை மறுமணம் செய்யப்போகிறேன். என் பிள்ளைக்கு ட்ரைகேர், அதாவது ராணுவக் குடும்பங்களுக்கான மருத்துவக் காப்பீடு, கிடைக்குமா? அவர் தத்தெடுத்தால்தான் உண்டா?

கிடைக்கும். தத்தெடுக்க வேண்டியதில்லை. திருமணத்தன்றே உங்கள் பிள்ளைக்கும் தகுதி வந்துவிடும். ஆனால் தகுதி வருவது வேறு, டீர்ஸ் என்ற ராணுவக் குடும்பப் பதிவேட்டில் பெயர் ஏறுவது வேறு. நான் தவித்தது அங்கேதான்.

நீங்களும் என்னைப் போல முதல் திருமணத்துப் பிள்ளையோடு போகிறவர் என்றே நினைக்கிறேன். எங்களுக்குக் கல்யாணமான மூன்றாம் வாரமே கணவர் பயிற்சிக்காக வேறு மாநிலம் போய்விட்டார். மகனுக்கு அப்போது ஏழு வயது, வீசிங் உண்டு. சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு, இந்தப் பதிவைச் செய்யும் ராணுவ அடையாள அட்டை அலுவலகத்துக்கு நானே போனேன். ஸ்பான்சர், அதாவது கணவர், நேரில் வர வேண்டும். இல்லையென்றால் 1172-2 என்ற பதிவு விண்ணப்பப் படிவத்தில் அவர் கையெழுத்தும் நோட்டரி முத்திரையும் வேண்டும், அல்லது பவர் ஆஃப் அட்டர்னி வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். விதி அதுதான், அவர்களைக் குறை சொல்லவில்லை. படிவம் தபாலில் வருவதற்குள் ஒரு ராத்திரி அவனுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. எமர்ஜென்சியில் இன்சூரன்ஸ் அட்டை கேட்டபோது கையில் ஒன்றுமில்லை. தகுதி கல்யாண நாளிலிருந்தே கணக்கானதால் அந்த பில்லைப் பிறகு அனுப்பிக் கேட்க முடிந்தது. ஆனால் அந்த ராத்திரி எனக்கு அது தெரியாதே.

அதனால் அவர் ஊரில் இருக்கும்போதே பதிவை முடித்துவிடுங்கள். திருமணத்திலிருந்து 90 நாளுக்குள் பிள்ளையை ட்ரைகேர் திட்டத்திலும் சேர்த்துவிடுங்கள். காப்பீடு 21 வயது வரை செல்லும். முழுநேரக் கல்லூரி மாணவராக இருந்து, பாதிக்கு மேல் செலவைக் கணவர் பார்த்துக்கொண்டால் 23 வரை.

இன்னொன்று. விவாகரத்தானால், தத்தெடுக்காத பிள்ளையின் காப்பீடு அன்றோடு போய்விடும். தத்தெடுத்திருந்தால் போகாது. கல்யாணத்துக்கு முன்பே இந்தப் பேச்சு எதற்கு, காப்பீட்டுக்காகவா கட்டிக்கொண்டாய் என்று கேட்பவர்கள் கேட்கட்டும். ஒருமுறை எல்லாம் இழந்து வந்த தாய் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வதில் ஒரு தப்பும் இல்லை.

அமெரிக்க அலுவலகத்தில் யாரும் கேட்காத ஒன்றை நம் சொந்தக்காரர்கள் இன்றும் கேட்கிறார்கள்: "பையனுக்கு இனிமேல் எந்த இனிஷியல்?" வீட்டில் மூன்று பேருக்கும் மூன்று கடைசிப் பெயர். பதிவேட்டுக்கு அது பொருட்டே இல்லை; பிறப்புச் சான்றிதழில் தாய் என்று என் பெயர் இருந்ததே போதுமாக இருந்தது. பெற்ற அப்பாவின் பெயர் அவனுடையது, அதை அழிக்க நான் யார்? பத்து வயதில் அவனுக்கென்று தனி அடையாள அட்டை வாங்கினோம். அதிலும் அதே பெயர்தான்.

பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது. திருமணச் சான்றிதழிலும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழிலும் உங்கள் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா, ஒன்றில் இனிஷியலும் மற்றதில் விரித்தும் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பிறப்புச் சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பும் வாங்கிவிடுங்கள்.