கிராமப்புற மாவட்டத்தில் புதிய வீடுகள்: ஒரே இடத்திலா, ஊருக்கு ஊர் பிரித்தா?

கேள்வி: பெரும்பாலும் விவசாய நிலமாக இருக்கும் ஒரு மாவட்டத்தில் ஆயிரம் புதிய வீடுகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும். ஒரே இடத்தில் புது ஊராகக் கட்டுவது நல்லதா, இருக்கிற கிராமங்களுக்குப் பிரித்துக் கொடுப்பதா? எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: கழிவுநீரை வைத்து முடிவு செய்யுங்கள்.

குழாய் வடிவமைப்பதே பிழைப்பாக இருப்பவன் வேறு என்ன சொல்வான் என்று நினைக்கலாம். இருந்தாலும் நான் பார்த்த திட்டக் கூட்டங்களில் சாலை பற்றி நிறையப் பேசுவார்கள், வீட்டு முகப்பு எப்படி இருக்க வேண்டும் என்று சண்டையே நடக்கும். கழிவுநீருக்குக் கடைசிப் பக்கத்தில் ஒரு வரிதான் கிடைக்கும்: ‘உரிய ஏற்பாடு செய்யப்படும்’. யார் செய்வார்கள், எப்போது, எந்த ஓடையில் விடுவார்கள் என்றெல்லாம் அதில் இருக்காது.

சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டுக்கு நான்கு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 150 லிட்டர் என்று வைத்தால், ஆயிரம் வீட்டுக்கு 6 லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். அதில் 80 சதவீதம் திரும்பி வரும். அதாவது தினமும் 4.8 லட்சம் லிட்டர் கழிவுநீர். நகரத்தில் இது பெரிய ஆற்றில் கலந்து கரைந்துவிடலாம். கிராமப்புறத்தில் அதை வாங்கிக்கொள்ள இருப்பது பெரும்பாலும் ஒரு சின்ன ஓடை. கோடையில் அந்த ஓடையில் ஓடுவதே சுத்திகரித்து விட்ட நீர்தான் என்ற நிலை வரும். அப்போது சாதாரணச் சுத்திகரிப்பு போதாது. நைட்ரஜன், பாஸ்பரஸ் வரை குறைக்க வேண்டியிருக்கும். செலவு அங்கேதான் ஏறுகிறது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். இருபது கிராமத்துக்கு ஐம்பது ஐம்பதாகப் பிரிப்பது கேட்க நியாயமாக இருக்கும், எதிர்ப்பும் குறைவு. மூடப்படும் நிலையில் உள்ள பள்ளிக்குப் பிள்ளைகள் வருவார்கள் என்பதும் உண்மை. ஆனால் பழைய சின்னச் சுத்திகரிப்பு நிலையம் ஐம்பது வீட்டின் கூடுதல் சுமையைத் தாங்காது, ஐம்பது வீட்டுக்காகப் புதிதாகக் கட்டவும் யாரும் பணம் போட மாட்டார்கள். இருபது இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். எதுவும் செய்தியாகக்கூட வராது.

ஒரே இடம் என்றால் நல்ல நிலையம் ஒன்று கட்ட வழி பிறக்கும். அதிலும் வேறொரு சிக்கல் இருக்கிறது, அதைக் கட்டுமான நிறுவனங்கள் சொல்வதே இல்லை. ஆயிரம் வீட்டுக்கான குழாயைப் பதித்துவிட்டு முதல் வருடம் ஐம்பது வீட்டில்தான் ஆள் குடியேறினால், குழாயில் ஓட்டம் இருக்காது. கழிவு தங்காமல் அடித்துச் செல்ல நாளில் ஒருமுறையாவது விநாடிக்குச் சுமார் 0.6 மீட்டர் வேகம் வேண்டும். அது இல்லாவிட்டால் கழிவு படிந்து அழுகி, ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். நாற்றம் ஒருபுறம் இருக்கட்டும், அந்த வாயு கான்கிரீட்டையே அரிக்கிறது. அதனால் நிலையத்தை இரண்டு மூன்று தனிப் பகுதிகளாகக் கட்டி, ஆள் வர வர ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். வீடுகளையும் நிலையத்துக்கு அருகிலிருந்து தொடங்கி வெளியே வளர்க்க வேண்டும். விற்பனைக்கு வசதி என்று பிரதான சாலை ஓரத்திலிருந்து தொடங்கினால் பிரச்சினைதான்.

என் தேர்வைக் கேட்டால், பெரும்பகுதியை ஒரே இடத்தில், அல்லது சுத்திகரிப்புத் திறன் மிச்சமிருக்கும் சிறுநகரத்தை ஒட்டி வைப்பேன். மீதியை உண்மையிலேயே தாங்கும் இரண்டு மூன்று கிராமங்களுக்குக் கொடுப்பேன்.

உள்ளே வரும் நீரும் அவ்வளவே முக்கியம். அமெரிக்காவின் அரிசோனாவில், 1980இல் வந்த நிலத்தடி நீர்ச் சட்டத்தின்படி, கட்டுப்பாட்டுப் பகுதிகளில் மனை பிரித்து விற்பவர் 100 ஆண்டுக்கு நீர் இருப்பதைக் காட்ட வேண்டும். ஆறு மனைக்குக் குறைந்தால் அந்த விதி இல்லை. விளைவு, நிலத்தை ஐந்து ஐந்தாக வெட்டி விற்றார்கள். ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ் என்ற இடம் அப்படி வளர்ந்தது. பக்கத்து ஸ்காட்ஸ்டேல் நகரம் 2023 ஜனவரியில் லாரித் தண்ணீரை நிறுத்தியதும் அங்கே நூற்றுக்கணக்கான வீடுகள் தவித்துப்போயின. வரம்பு வைத்தால் அதற்குக் கீழே வெட்டிக்கொண்டு வருவார்கள். ஒரே நிலத்தின் துண்டுகளைச் சேர்த்துக் கணக்கிடும் விதியையும் கூடவே எழுதுங்கள்.

மழைநீருக்குத் தனிக் கணக்கு. ஒரு ஹெக்டேரில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5 லட்சம் லிட்டர். வயலாக இருந்தபோது அதில் கணிசமான பங்கு மண்ணில் இறங்கியது. கூரையும் தாரும் ஆனபின் கீழே இருக்கும் பழைய ஊருக்குள் போகும். இங்கிலாந்தில் 1967இல் புதுநகரமாக அறிவிக்கப்பட்ட மில்டன் கீன்ஸில் வெள்ளத்தைத் தேக்கி மெதுவாக விடவே ஏரிகள் அமைத்தார்கள். மக்களுக்கு அது பூங்கா. தாழ்வான நிலம் மலிவாகக் கிடைக்கிறது என்று மனை போடும் முன் இதை யோசிக்க வேண்டும்.

பள்ளி பற்றி ஒன்று மட்டும். புதுக் குடியிருப்புக்கு இளம் குடும்பங்களே அதிகம் வரும், அதனால் வகுப்புகள் ஒரே நேரத்தில் நிரம்பி, பின்னர் ஒரே நேரத்தில் காலியாகும். உச்சத்துக்கு ஏற்ப நிரந்தரக் கட்டடம் கட்டாதீர்கள்.

அப்புறம் பணம். விவசாய நிலம் வீட்டுமனையாக மாறும் அன்றே அதன் மதிப்பு பல மடங்கு உயர்கிறது. நில உரிமையாளர் எதுவும் கட்டாமலே வந்த உயர்வு அது. இங்கிலாந்தில் ‘தோட்ட நகரம்’ என்ற கருத்தை முன்வைத்த எபனேசர் ஹோவர்டின் யோசனைப்படி 1903இல் லெட்ச்வொர்த் என்ற புது ஊரைத் தொடங்கியபோது, நிலத்தை விவசாய விலையில் வாங்கி உரிமையைக் கையிலேயே வைத்துக்கொண்டு வாடகையை ஊருக்கே செலவழிப்பது என்று வைத்தார்கள். அந்த அளவுக்குப் போக முடியாவிட்டாலும், நிலப் பயன்பாட்டை மாற்றும் உத்தரவுக்கு முன்பே அந்த உயர்வில் ஊருக்கு வர வேண்டிய பங்கைப் பேசி முடிக்க வேண்டும். உத்தரவு கையில் கிடைத்தபின் யாரும் தர மாட்டார்கள்.

அதோடு, அனுமதியில் எண் போட்டு ஒரு நிபந்தனை எழுதச் சொல்லுங்கள், உதாரணமாக: சுத்திகரிப்பு நிலையத்தின் முதல் பகுதி இயங்கும்வரை ஒரு வீட்டிலும் குடியேற்றம் இல்லை, இரண்டாவது பகுதி இயங்கும்வரை 400ஆவது வீட்டுக்கு மேல் இல்லை. எண் எவ்வளவு என்பதை உங்கள் ஓடையின் கோடைக்கால ஓட்டத்தை அளந்து முடிவு செய்யலாம். அந்த அளவீட்டுக்குக் குறைந்தது ஒரு கோடையாவது தேவை, அதனால் இப்போதே தொடங்கச் சொல்லுங்கள்.