என்ஜிகே ஸ்பார்க் பிளக் கம்பெனியும் மின்கம்பப் பீங்கான் செய்யும் என்ஜிகேயும் ஒன்றா?

இல்லை, ஆனால் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான். கதை ஜப்பானின் நகோயாவில், சாப்பாட்டுத் தட்டில் தொடங்குகிறது. இன்று நோரிடாகே என்று அறியப்படும் பீங்கான் கம்பெனி 1904-ல் தொடங்கப்பட்டது, அதிலிருந்து 1919-ல் மின்கம்பிகளுக்கான இன்சுலேட்டர், அதாவது மின்சாரம் ஒழுகாமல் தடுக்கும் பீங்கான், செய்ய நிப்பான் காய்ஷி பிரிந்தது. காய்ஷி என்றாலே இன்சுலேட்டர்தான், கைஷா என்றால் கம்பெனி, என்ஜிகே என்ற எழுத்துகளும் நிப்பான் காய்ஷி கைஷா என்பதன் ஆங்கிலச் சுருக்கமே. அப்புறம் 1936-ல் ஸ்பார்க் பிளக் பிரிவும் தனிக்குடித்தனம் போனது.

இன்ஜினில் பொறி கொடுத்து எரிபொருளைப் பற்றவைப்பதுதான் ஸ்பார்க் பிளக். தட்டு செய்தவர்களுக்கு அங்கே என்ன வேலை? பழைய பிளக் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். நடுவில் வெள்ளையாக இருப்பது அலுமினா பீங்கான். பல்லாயிரம் வோல்ட் மின்சாரம் பக்கவாட்டில் ஒழுகாமல் முனைவரை போக வேண்டும், நெருப்பிலும் பீங்கான் விரிசல் விடக் கூடாது. மேல்பக்கம் வரிவரியாக இருக்கிறதே, அது அழகுக்கு இல்லை. மின்சாரம் மேற்பரப்பு வழியாகத் தாவும் தூரத்தைக் கூட்டத்தான். மின்கம்பப் பீங்கானின் அடுக்குகளும் அதே வேலைதான் செய்கின்றன.

பெயர்க் குழப்பம் அவர்களுக்கே தலைவலியோ என்னவோ, பிளக் கம்பெனி 2023-ல் ஆங்கிலப் பெயரை நிட்டெரா என்று மாற்றிக்கொண்டது. பிளக் மேல் மட்டும் இன்னும் என்ஜிகேதான்.