வாசகர் கேள்விகள்: பொறியியல் துறையில் கறுப்பினத்தவர் ஏன் குறைவு?

கேள்வி: அமெரிக்காவில் பொறியாளராக இருக்கும் என் தம்பி, தன் நிறுவனத்தில் இந்தியர்களும் சீனர்களும் நிறைந்திருக்க, கறுப்பினத்தவரை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்கிறான். அவர்களுக்குக் கணிதத்தில் நாட்டம் இல்லை என்பது அவன் முடிவு. அது சரிதானா? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: உங்கள் தம்பி கண்ணால் கண்டது உண்மை, அதற்கு அவர் சொல்லும் காரணம் தவறு. பியூ ஆய்வு மையம் 2021இல் வெளியிட்ட கணக்குப்படி, அமெரிக்காவில் வேலை பார்ப்போரில் 11 சதவீதம் பேர் கறுப்பினத்தவர். ஆனால் பொறியியல், கட்டடக்கலைப் பணிகளில் அவர்கள் 5 சதவீதம்தான். இதற்கு நாட்டமின்மையைக் காரணம் சொல்வது புதிதல்ல. எழுபதுகளிலேயே ஒருவர் அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பொறியியலுக்கு வாசலாக இருக்கும் நுண்கணிதப் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் ஏராளமாகத் தோற்றார்கள். ஆர்வக் குறைவு, பள்ளியில் போதிய பயிற்சியின்மை, குடும்ப ஆதரவின்மை, வறுமை என்று பேராசிரியர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அப்போது அங்கே ஆய்வு மாணவராக இருந்த யூரி ட்ரைஸ்மன், கறுப்பின மாணவர்கள் 20 பேரும் சீன வம்சாவளி மாணவர்கள் 20 பேரும் எப்படிப் படிக்கிறார்கள் என்பதை அவர்கள் தங்குமிடத்துக்கே சென்று பல மாதங்கள் கவனித்தார். பேராசிரியர்கள் சொன்ன காரணங்களில் ஒன்றும் நிற்கவில்லை. கறுப்பின மாணவர்களின் பெற்றோர் பிள்ளைகளின் படிப்பில் மிகுந்த அக்கறை உள்ளவர்கள். நல்ல மதிப்பெண்ணோடு சேர்ந்தவர்களும் தோற்றிருந்தார்கள்.

வேறுபாடு மாலை நேரங்களில் இருந்தது. சீன மாணவர்கள் முதலில் தனித்தனியே கணக்குகளைப் போட்டுவிட்டு, பிறகு ஒன்றாக உட்கார்ந்து உண்டபடியே ஒருவர் விடையை மற்றவர் சரிபார்த்தார்கள். ஒருவருக்கு மட்டும் விடை வரவில்லையென்றால் பிழை தன்னுடையது என்று அவர் அறிந்துகொண்டார். எவருக்குமே வரவில்லையென்றால் கணக்கே கடினமானது என்று எல்லோரும் தெளிந்தார்கள். கறுப்பின மாணவர்களோ, ஆசிரியர் சொன்ன நேரத்துக்குக் குறையாமல், ஆனால் தனியாகப் படித்தார்கள். எவரையும் எதிர்பார்க்காமல் படித்து முன்னேறியவர்கள் என்பதால், பல்கலைக்கழகத்திலும் எவரையும் கேட்கவில்லை. தேர்வில் மதிப்பெண் குறைந்தபோது, குறை தங்களிடம்தான் என்று எண்ணிக்கொண்டார்கள். அதுவரை அவர்களைக் கைதூக்கிவிட்ட பழக்கமே அவர்களைக் கீழே தள்ளியது என்பதை எண்ணும்போது எனக்கு இன்றும் வேதனையாக இருக்கிறது.

1978இல் ட்ரைஸ்மன் பயிற்சிக் குழுக்களைத் தொடங்கினார். பின்தங்கியோருக்கான சிறப்பு வகுப்பு என்று அவற்றுக்குப் பெயரிட்டிருந்தால், பள்ளியில் முதலிடம் பெற்று வந்த அந்தப் பிள்ளைகள் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆகவே வகுப்பில் தருவதைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்துச் சேர்ந்து போடச் சொன்னார். அந்தக் குழுக்களில் இருந்த கறுப்பின மாணவர்கள் பலர், வகுப்பின் மற்ற மாணவர்களையும் விஞ்சினார்கள்.

மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்தில் ஃப்ரீமன் ரபாவ்ஸ்கி 1988இல் தொடங்கிய, அறிவியல், பொறியியல் மாணவர்களுக்கான மேயர்ஹாஃப் உதவித்தொகைத் திட்டமும் இதே அடிப்படையில் அமைந்தது. கறுப்பின இளைஞர்கள் 19 பேருடன் ஆரம்பித்த அத்திட்டத்தில், முதலாண்டு தொடங்கும் முன்பே கோடைக்காலப் பயிற்சி உண்டு. சேர்ந்து படிப்பதும் அதன் நடைமுறை. 1996 முதல் எல்லா இனத்தவரும் அதில் சேரலாம். பல்கலைக்கழகச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் கொள்ளக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023 ஜூனில் தீர்ப்பளித்த பிறகு, இத்தகைய திட்டங்களின் அருமை இன்னும் கூடியிருக்கிறது. ஏனெனில் இவை சேர்க்கையோடு நில்லாமல், சேர்ந்த மாணவர் பட்டம் பெறும் வரை உடன் வருகின்றன.

கேள்வி: பாலம் உறுதியாக இருந்தால் போதாதா? கட்டியவர் எந்த இனம் என்று ஏன் பார்க்க வேண்டும்? (வாசகர், மதுரை)

பதில்: பாலத்தை விடுங்கள், கொரோனா காலத்தில் நாம் விரலில் மாட்டிக்கொண்ட ஆக்சிமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அது தோல் வழியே ஒளியைச் செலுத்தி இரத்தத்திலுள்ள ஆக்சிஜன் அளவைக் கணிக்கும் கருவி. கருமையான தோலில் அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தும் கருவி அதைக் காட்டத் தவறுவது, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் என்று அமெரிக்க மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்த ஆய்வு 2020இல் தெரிவித்தது. மூச்சுத்திணறும் ஒருவரை மருத்துவமனையில் சேர்ப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பதை அந்த எண்ணை வைத்தே முடிவு செய்த காலம் அது. கருமையான தோலுடைய பொறியாளர் ஒருவர் இருந்தாலே பிழை நேராது என்று நான் சொல்லவில்லை. ஆனால் யாரை வைத்துச் சோதித்தீர்கள் என்ற கேள்வி வடிவமைப்பு மேசையில் எழ வேண்டுமானால், அதைத் தன் உடம்பிலேயே உணர்பவர் அங்கே இருப்பது பெரிய துணை.

திருநெல்வேலி வாசகியின் தம்பிக்கும் ஒரு செய்தி. நாட்டுவாரி ஒதுக்கீட்டை நீக்கி இந்தியர்களுக்கு அமெரிக்காவின் கதவைத் திறந்த 1965ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம், கறுப்பின மக்கள் நடத்திய உரிமைப் போராட்டத்தின் அலையில் பிறந்தது. அவர் நிறுவனத்திலும் ஊழியர்களின் பரிந்துரையில் ஆள் எடுக்கும் வழக்கம் இருக்கக்கூடும். அப்படி எடுக்கும்போது ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களின் கல்லூரி நண்பர்களும் உறவினர்களுமே மீண்டும் மீண்டும் வருவார்கள். பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1975இல் உருவான தேசியக் கறுப்பினப் பொறியாளர் சங்கம் ஆண்டுதோறும் மாநாட்டையும் அதனுடன் வேலைவாய்ப்புக் கண்காட்சியையும் நடத்துகிறது. அடுத்த முறை காலியிடம் வரும்போது, அங்கும் ஆள் தேடலாமே என்று அவர் தன் மேலாளரிடம் கேட்கட்டும்.